கோத்திரம் கேட்கும் கட்டம்: கலிபோர்னியா கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் நிர்வாகக் குழுக்களில் இருக்கும் பெரியவர்களுக்கும், இந்து அமைப்புகளில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

2023 கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் கோயில் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேஜை போட்டிருந்தீர்கள். மேஜைமேல் கையெழுத்துத் தாள்கள், இரண்டு பேனா, தாள் பறக்காமல் இருக்க மேலே ஒரு தேங்காய். எஸ்பி 403 (சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கலிபோர்னியா சட்டமன்றத்துக்கு வந்த மசோதா) இந்துக்களைக் குறிவைக்கிறது, ஒரு கையெழுத்துப் போடுங்கள் சார் என்று ஒரு தம்பி பணிவாகக் கேட்டார். என் கையில் புளியோதரைத் தொன்னை இருந்தது. அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

எனக்குப் பின்னால் நின்ற நண்பர் போடவில்லை. "நீங்க சாப்பிடுங்க, நான் போய் காரை எடுத்துட்டு வரேன்" என்று நகர்ந்துவிட்டார். அவரை எனக்கு அப்போது பதினோரு வருடமாகத் தெரியும். விழுப்புரம் பக்கம். என் பையனும் அவர் பெண்ணும் ஒரே தமிழ்ப் பள்ளி. திரும்பி வரும்போது 880 நெடுஞ்சாலையில் ஏறும்வரை எதுவும் பேசாமல் வந்தவர், அப்புறம் சொன்னார்: "அந்தச் சட்டம் என்னை மாதிரி ஆளுங்களுக்காக வந்தது. அதுக்கு எதிராத்தான் கையெழுத்துப் போட்டீங்க." அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பதினோரு வருடத்தில் அவர் என்ன சாதி என்று நான் கேட்டதே இல்லை என்பதை எனக்குள் ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். நான் கேட்காமல் இருந்தது எனக்குச் சுலபம். அவர் சொல்லாமல் இருந்தது எவ்வளவு பாடு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

போன பொதுக்குழுக் கூட்டத்தில், மறுபடியும் இப்படி ஒரு மசோதா வந்தால் எதிர்ப்பதற்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்று ஒருவர் பேசினார், பலர் கைதட்டினீர்கள். அதனால்தான் இந்த மடல். அடுத்த முறை மேஜை போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் கையெழுத்துப் போட்டுச் சில வாரம் கழித்துத்தான் மசோதாவை உட்கார்ந்து படித்தேன். 2023 மார்ச்சில் மாநில செனட்டர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்தது. (அவர் முஸ்லிம் என்பதையே ஒரு வாதமாக வைத்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய பதிவுகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டித்து ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை, நானும்தான்.) முதல் வடிவத்தில், பாகுபாட்டைத் தடுக்கும் சட்டத்தில் இனம், மதம், பாலினம் என்று ஏற்கனவே இருக்கும் வரிசையில் சாதியும் தனி வகையாகச் சேர்வதாக இருந்தது. நம் தரப்பு அதற்குச் சொன்ன ஆட்சேபம் என்ன? மற்ற வகைகள் எல்லாம் எந்த மனிதருக்கும் பொருந்தும், இது மட்டும் தெற்காசியர்களைத் தனியாகச் சுட்டும். இது நியாயமான ஆட்சேபம்தான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஆட்சேபத்துக்கு மசோதாவிலேயே பதில் வந்துவிட்டதே! சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளிக்குப் போன இடத்தில் திருத்தினார்கள். சாதி தனி வகையாக இல்லாமல், சட்டத்தில் ஏற்கனவே இருக்கும் 'வம்சாவளி' என்ற சொல்லின் விளக்கத்துக்குள் போய் உட்கார்ந்தது. பரம்பரை, பெற்றோர் வழி, சாதி, பிறப்பால் வரும் எந்தச் சமூக நிலையும் என்று ஒரே வரியில். சாதி என்பதற்குக் கொடுத்த விளக்கமும் பொதுவானது: பிறப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் நிலை, அதை மாற்றிக்கொள்ள முடியாமை, கல்யாண உறவுக்குத் தடை, ஒதுக்கிவைத்தல். அந்த விளக்கத்தில் இந்து என்ற சொல் இல்லை. இந்தியா என்ற சொல்லும் இல்லை. ஜப்பானில் புராக்குமின் என்று ஒதுக்கப்படும் மக்களில் ஒருவர் இங்கே வேலைக்கு வந்தாலும் அவருக்கும் அது பொருந்தும்.

திருத்தம் வந்த பிறகும் நம் மேஜை இருந்த இடத்திலேயே இருந்தது. தாளில் இருந்த வாசகமும் மாறவில்லை.

மே மாதம் செனட்டில் 34க்கு 1, ஆகஸ்டில் அசெம்பிளியில் 50க்கு 3 என்று அது நிறைவேறியது. அக்டோபர் 7ஆம் தேதி ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். அன்று இரவு நம் குழுக்களில் பட்டாசுப் படங்கள், ஜெயித்துவிட்டோம் என்று. சரி, ஆளுநர் என்ன எழுதினார் என்று எத்தனை பேர் படித்தார்கள்? இந்த மாநிலத்தில் பாலினம், இனம், நிறம், மதம், வம்சாவளி, பூர்விகநாடு என்று எல்லாவற்றின் பேரிலும் பாகுபாடு ஏற்கனவே தடைசெய்யப்பட்டிருக்கிறது, அந்தப் பாதுகாப்பைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, சாதிப் பாகுபாடும் அதற்குள் வந்துவிடுகிறது, ஆகவே இது தேவையில்லை. இதுதான் அவர் சொன்ன காரணம். சாதி பார்த்து ஒருவரை வேலையில் மட்டம் தட்டலாம் என்று அவர் சொல்லவில்லை. இன்றைக்கே அது சட்டவிரோதம் என்று எழுதித்தான் திருப்பி அனுப்பினார்.

நான் உங்களிடம் கேட்கும் பெரிய கேள்வி இதுதான். நீங்கள் கொண்டாடிய அந்தக் கடிதத்தில் இருக்கும் இந்தப் பாதியை, கையெழுத்துப் போட்ட எங்களிடம் ஏன் சொல்லவில்லை? மசோதா தோற்றது என்று மின்னஞ்சல் வந்தது. சாதிப் பாகுபாடு ஏற்கனவே சட்டவிரோதம், பாதிக்கப்பட்டவர் மாநிலத்தின் குடிமை உரிமைகள் துறையில் புகார் கொடுக்கலாம், வேலையிடத்து விஷயம் என்றால் அதற்கு மூன்று வருடம் அவகாசம் உண்டு என்று ஒரு மின்னஞ்சலும் வரவில்லையே. நம் அறிவிப்புப் பலகையில் வரிச் சலுகைக்கு ரசீது வாங்குவது எப்படி என்றுகூட ஒட்டியிருக்கிறோம்.

ஏற்கனவே சட்டத்தில் அடங்கும் என்றால் தனியாகச் சொல் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். எழுதப்படாத சொல்லுக்கும் எழுதிய சொல்லுக்கும் என்ன வித்தியாசம் என்பது பாதிக்கப்பட்டவர் அலுவலகக் கதவைத் தட்டும்போதுதான் தெரிகிறது. 2020இல் கலிபோர்னியா மாநிலமே சிஸ்கோ நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் மனுவில் உள்ளபடி, தலித் பொறியாளர் ஒருவர் உள்ளே புகார் கொடுத்தபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதமே இல்லை என்று அலுவலகத்தில் முடிவு செய்தார்கள். நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அதில் பெயர் சொல்லப்பட்ட இரண்டு மேலாளர்கள்மேல் இருந்த வழக்கை 2023 ஏப்ரலில் மாநிலமே வாபஸ் வாங்கியது, அதையும் சொல்ல வேண்டும். அதை நம்மவர்கள் பெரிதாகப் பேசினார்கள், பேசியது சரி. அவர்கள் பெயர்கள் மூன்று வருடம் ஊரெல்லாம் அடிபட்டது சின்ன விஷயமா? ஆனால் ஹெச்ஆர் மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு, கைப்புத்தகத்தில் இல்லாத ஒரு சொல் காதிலேயே விழாது என்பது அந்த வாபஸால் மாறிவிடவில்லை.

பிரிட்டனிலும் இதே கதை நடந்தது. அங்கே 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி வைத்தார்கள், 2013இல் சேர்த்தே ஆக வேண்டும் என்று நாடாளுமன்றம் திருத்தியது, 2018இல் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்பு போதும் என்று அரசு கைவிட்டது. அவர்கள் சொன்ன அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது தெரியுமா? இந்தியாவிலிருந்து வீட்டு வேலைக்குக் கூட்டிப்போன ஒரு ஆதிவாசிப் பெண், நாலரை வருடம், மணிக்கு 11 பென்ஸ் கணக்கில் வேலை வாங்கப்பட்ட வழக்கு அது. சாதி என்ற வாதத்தை அவர் வைக்கலாமா கூடாதா என்பதற்கே மேல்முறையீடுவரை போக வேண்டியிருந்தது. 2015இல் பாக்கிச் சம்பளமாக மட்டும் ஏறக்குறைய 1,84,000 பவுண்டு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இப்படி ஒவ்வொருவரும் வக்கீல் வைத்து நிரூபித்துத்தான் ஒரு சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றால், ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிற ஒரு பையன் என்ன செய்வான்? வேலை போனால் பெரும்பாலும் அறுபது நாள்தான். கிரீன் கார்டுக் கோப்பு கம்பெனியின் கையில். மேனேஜர் முகம் கோணினால் இருபது வருடக் கனவு கோணும். அவன் வாய் திறப்பானா?

உங்கள் பயத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் இந்தக் கோயிலில்தான் என் மகனுக்குப் பெயர் வைத்தேன். சிஸ்கோ வழக்கின் முதல் மனுவில் சாதியை இந்துக்களின் மதப் படிநிலை என்று மாநில அரசே எழுதியதைப் படித்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. என் மதம் என்ன சொல்கிறது என்று தீர்மானிக்கும் வேலையை இந்த நாட்டு அரசுக்கு யார் கொடுத்தது? அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைச் சொல்லி அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் நம் பக்கத்து ஊரான நியூவார்க்கில் சுவாமிநாராயண் கோயில் சுவரில் கறுப்புச் சாயத்தில் கிறுக்கிவைத்தார்கள். 2024 செப்டம்பரில் சாக்ரமெண்டோ பக்கம், 2025 மார்ச்சில் சினோ ஹில்ஸில். ஆறாம் வகுப்பில் பழைய இந்தியா பாடம் நடக்கும் வாரத்தில் "நீ என்ன சாதி" என்று வகுப்பில் கேட்டார்கள் என்று என் மகனே வந்து சொல்லியிருக்கிறான். அவனுக்கு அந்தச் சொல்லே அன்றைக்குத்தான் தெரியும். ஆக, கோயிலுக்கும் குழந்தைக்கும் ஆபத்து என்று நீங்கள் சொல்லும்போது அது கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். சாதி இந்து மதத்தின் சாரம் கிடையாது என்று செய்தியாளர்களிடம் சொல்கிறோம். நானும் அப்படி நம்புகிறேன். அப்படியானால் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் ஒரு சட்டம் இந்துக்களுக்கு எதிரானது என்று அதே மூச்சில் எப்படிச் சொல்ல முடியும்? கோயில் பெயரில், கோயில் வாசலில், கோயில் தேங்காயை வைத்து நாம் எதிர்த்தபோது பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கன் என்ன நினைத்திருப்பான்? சாதியும் இந்து மதமும் ஒன்று என்று எந்த மனுவும் சொன்னதைவிடப் பலமாக நாமே சொல்லிவிட்டோம். தலித்துகளிலேயே சிலர் மசோதாவை எதிர்த்தார்கள், உண்மை. அவர்கள் தங்கள் பெயரில் எதிர்த்தார்கள்.

எண்ணிக்கை விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈக்வாலிட்டி லேப்ஸ் என்ற தலித் உரிமை அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் தலித்துகளில் 67 சதவீதம் பேர் வேலையிடத்தில் பாகுபாடு பார்த்ததாகச் சொன்னார்கள். அது சீட்டுக் குலுக்கி ஆட்களைத் தேர்ந்தெடுத்த கணக்கெடுப்பு இல்லை, விருப்பப்பட்டவர்கள் பதில் சொன்னது, ஆகவே மொத்தச் சமூகத்துக்கும் அதைப் பொருத்த முடியாது என்று நீங்கள் சொல்வது சரி. கார்னெகி ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கையில் இந்திய அமெரிக்கர்களில் 5 சதவீதம் பேர்தான் சாதிப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அந்த எண்ணை நம் துண்டுப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போட்டீர்கள். ஆனால் இங்கே வந்திருக்கும் இந்தியர்களில் தலித்துகள் மிகச் சிலர். கூட்டத்தில் சிலரே இருக்கும்போது, மொத்தக் கூட்டத்தையும் கேட்டால் எண் சின்னதாகத்தான் வரும். என் நண்பரிடம் அந்தப் பிரசுரத்தைக் காட்டினேன். "நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "எந்தக் கணக்கெடுப்பிலயும் நான் சொல்ல மாட்டேன்."

இன்னொரு பழைய விஷயம். 1923 பிப்ரவரி 19. பகத் சிங் திந்த் என்பவருக்குக் குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். அவர் சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த எல்லோரையும் இங்கே ஹிந்து என்றுதான் எழுதுவார்கள். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் மட்டும்தான் குடியுரிமை என்று இருந்த சட்டத்துக்குள் நுழைய அவர் தரப்பு வைத்த வாதம் என்ன தெரியுமா? நான் உயர்சாதி, ஆரிய ரத்தம், கல்யாண உறவு என்று வரும்போது இந்தியாவின் பூர்வகுடிகளை நாங்கள் பார்ப்பதும் அமெரிக்கன் கறுப்பரைப் பார்ப்பதும் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். நீதிமன்றம் அதைக் கேட்டுக்கொண்டு, அப்படியும் நீ வெள்ளையன் இல்லை என்று அனுப்பிவிட்டது. ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். 1946வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

அப்புறம் நாமெல்லாம் எப்படி உள்ளே வந்தோம்? கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கிப் பெற்ற 1964 குடிமை உரிமைகள் சட்டமும், அதே காற்றில் அடுத்த வருடம் வந்த குடியேற்றச் சட்டமும் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான். வெள்ளைக்கார மேனேஜர் என் உச்சரிப்பைக் கிண்டல் செய்தால் நான் புகார் கொடுக்கலாம் என்ற தைரியம் எனக்கு அந்தச் சட்டம் கொடுத்தது. திந்த் வழக்கு முடிந்து சரியாக நூறு வருடமும் இரண்டு நாளும் கழித்து, 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் 6க்கு 1 என்று சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. நம் மாநிலத்திலேயே ஃப்ரெஸ்னோ நகரம் அந்தச் செப்டம்பரில் செய்தது. அப்போது 23 வளாகங்கள் இருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியிலேயே செய்துவிட்டது. அங்கெல்லாம் எந்தக் கோயிலும் பூட்டப்படவில்லை. ஃப்ரெஸ்னோவில் தீபாவளி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தலைப்பில் சொன்ன கட்டத்துக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு நண்பர் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தோம். அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கிறோம். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போல "கோத்திரம்?" என்றார். நான் சொன்னேன், சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தது வாயில் தானாக வந்தது. அடுத்து அவரிடம் கேட்டார். நண்பர் ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடியில் முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார், பின்னால் யாரோ பேச்சை நிறுத்தினார்கள். குருக்கள் நல்ல மனிதர், உடனே "சிவ கோத்திரம்னு சொல்லிக்கலாம், எல்லாரும் அவன் பிள்ளைங்கதானே" என்று சங்கல்பத்தைத் தொடர்ந்துவிட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடிய நாள் அது. ஆனால் நண்பரின் பெண், பத்து வயது, வெளியே வந்ததும் "அப்பா, நமக்கு ஏன் தெரியலை?" என்று கேட்டாள். அவர் அவள் ஷூ லேஸைக் கட்டிவிட்டுக்கொண்டே, "தாத்தா சொல்ல மறந்துட்டார்மா" என்றார்.

குருக்கள் ஒரு நொடியில் சமாளித்ததை நம் இணையதளம் சமாளிக்காது. அர்ச்சனைக்கு முன்பதிவு செய்யும் பக்கத்தில் கோத்திரம் என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. நண்பர் அதில் என்ன போடுவார் என்று கேட்டேன். ஒரு காலத்தில் புள்ளி வைத்துப் பார்த்தாராம், ஏற்றுக்கொள்ளவில்லையாம். இப்போது முன்பதிவே செய்வதில்லை. ஆழ்வார்கள் பன்னிரண்டு பேரும் நம் மண்டபத்தில் வரிசையாக இருக்கிறார்கள். திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து அரங்கன் சன்னதிக்குள் கொண்டுபோன கதையை நம் கோடைக்கால வகுப்பில் குழந்தைகள் நாடகமாகவே போட்டார்கள். அவர் கரையில் நின்று பாடிய ஆள், கல்லடி பட்ட ஆள். அவர் இன்று நம் பக்கத்தில் அர்ச்சனைக்குப் பதிவு செய்ய வந்தால் அந்தக் கட்டத்தைத் தாண்ட மாட்டார்.

எனவே என் வேண்டுகோள்கள். கோத்திரக் கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை, வேண்டுமென்றால் நானே செய்து தருகிறேன். கோயில் விதிமுறைகளில், தொண்டர், ஊழியர், பக்தர் யாரிடமும் சாதி பார்க்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். ஆளுநரின் கடிதத்தில் இருப்பதை, புகார் கொடுக்கும் வழியோடு சேர்த்து, தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மறுபடி மசோதா வந்தால், மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவுக்குப் பேருந்து வைத்துக் கூட்டிப்போங்கள், நானும் வருகிறேன். சொல் எங்கே தவறாக இருக்கிறது, எந்த மதத்தின் பெயரும் அதில் வரக்கூடாது, பொய்ப் புகாருக்கு ஆளானவர்களுக்கு என்ன பாதுகாப்பு, இதையெல்லாம் கேட்போம். ஆனால் இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று முதல் வரியில் சொல்லிவிட்டுக் கேட்போம்.

என் கையெழுத்தை அந்தத் தாளிலிருந்து எடுத்துவிடும்படி அப்போதே மின்னஞ்சல் அனுப்பினேன். தாள்கள் போய்ச் சேர்ந்துவிட்டன என்று பதில் வந்தது. பரவாயில்லை. நட்சத்திரத்தை எடுத்த அன்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். தை மாதத்தில் நண்பரின் பெண்ணுக்குப் பிறந்தநாள் வருகிறது, அர்ச்சனைக்கு அவரே பதிவு செய்யட்டும்.

அன்புடன்,
உங்கள் கோயிலில் இருபது வருடமாக வரிசையில் நிற்கும் ஒருவன்